மைனஸ் மூன்று தசம் எட்டு

பதுளை பஸார் வீதியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ஸமீமை ஊரில் பாதிப் பேர் ‘இன்ஜினியர்’ என்று கூப்பிட்டார்கள். மற்றப் பாதிப் பேர் ஏற்கெனவே அவரிடம் ரேடியோ திருத்தக் கொடுத்தவர்கள். இந்தப் பகிடியை ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததே ஸமீம்தான். பிறர் சிரிக்குமுன் தானே சிரித்துவிட்டால் வலி பாதியாகக் குறையும் என்பது அவர் போட்டு வைத்திருந்த கணக்கு. அந்தக் கணக்கு ஒன்றுதான் அவருக்குச் சரியாக வந்தது.

மற்றக் கணக்குகள் வரவில்லை. கொழும்பிலிருந்து தபாலில் பாடம் அனுப்பும் மின்தொழில்நுட்ப வகுப்பொன்றில் சேர்ந்து இரண்டு தடவை பரீட்சை எழுதியிருந்தார். இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தார். இரண்டு தடவையும் அவரைக் கவிழ்த்தது ஒரே மாதிரிக் கேள்வி. இரண்டு பெட்டரி, மூன்று தடை, இரண்டு வளையமாகப் பின்னிய ஒரு சுற்று. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இடையே எத்தனை வோல்ட்?

முறை அவருக்குத் தெரியாமல் இல்லை. பதுளையில் புறப்பட்டு ஒரு பாதையால் பெரகல வரை போய் இன்னொரு பாதையால் திரும்பி வந்தால், ஏறின உயரமும் இறங்கின உயரமும் சரிக்குச் சரியாக இருக்கும். இல்லாவிட்டால் வந்து சேரும்போது வீடு ஆகாயத்தில் நிற்கும். வோல்ட்டும் அப்படித்தான். ஒவ்வொரு வளையத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி, ஏற்றத்தையும் இறக்கத்தையும் எழுதிச் சமன்பாடாக்க வேண்டும். கரண்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் தெரியாது. ஒரு பக்கத்தை உத்தேசமாக வைத்து அம்புக்குறி போட்டுக்கொள்வது வழக்கம். ‘விடை கழித்தல் குறியுடன் வந்தால் ஓட்டம் அம்புக்கு எதிர்ப்பக்கம் என்று கொள்க’ என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. ஸமீம் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தார். கோடு போட்டதோடு அந்த வரிக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்துபோனது.

பரீட்சை மண்டபத்தில் விடை மைனஸில் வந்ததும் அவருக்கு வியர்த்துவிடும். பதினெட்டு வருடமாக ரேடியோ திருத்துகிறார். கரண்ட் வரும், இல்லாவிட்டால் வராது. பின்னால் போகிற கரண்டை அவர் கண்டதேயில்லை. எங்கோ பிழை விட்டுவிட்டோம் என்று எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அதற்குள் மணி அடித்துவிடும்.

அவருடைய மனைவி நளீரா பெண்பிள்ளைகள் பாடசாலையில் கணக்கு டீச்சர். சமன்பாடு அவளுக்கு வெங்காயம் உரிப்பது மாதிரி, கண்ணீர்கூட வராது. அவளிடம் கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் ஊரே இன்ஜினியர் என்று கூப்பிடுகிற மனிதன் பெண்சாதியிடம் போய் மைனஸ் என்றால் என்னவென்று எப்படிக் கேட்பது? ஸமீம் கேட்கவில்லை. கணக்குக் கொப்பியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்து, களவாகச் சுருட்டுக் குடிக்கிறவர் மாதிரி அவள் இல்லாத நேரம் பார்த்து எடுத்துப் படித்தார்.

1972 ஆவணியில், மூன்றாவது பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கையில், மடுல்சீமையிலிருந்து அழகர் கடைக்கு வந்தார். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். மகள் பாக்கியலெட்சுமிக்குக் கல்யாணம். லவுட்ஸ்பீக்கர் வேண்டும்.

“நானா, காலம்பற ஆறு மணிக்குப் போட்டா சாயந்தரம் பொண்ணு மாப்பிள்ளைய அனுப்பி வைக்கிற வரைக்கும் பாட்டு நிக்கப்படாது,” என்றார் அழகர், முஸ்லிம் அண்ணன்மாரை ஊர் கூப்பிடுகிற முறையில். “மாப்பிள்ளை வீடு ஸ்பிரிங்வெளித் தோட்டம். அங்கன திருவிழான்னா பேக்டரியிலருந்து கரண்ட் இழுத்துப் பாட்டுப் போடுவாங்களாம். மாப்பிள்ளைக்கு மாமா ஒருத்தரு இருக்காரு, தம்பையான்னு. நிச்சயத்தன்னிக்கே கேக்குறாரு, ‘ஒங்க பக்கம் பாட்டு கீட்டெல்லாம் உண்டா, இல்ல நரி ஊளை மட்டுந்தானா’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க, தலைவரே?”

“பதுளையிலருந்து இன்ஜினியர் ஒருத்தரே வாறாருன்னு சொல்லிப்புட்டேன்.”

அந்த இடத்தில் ஸமீம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயையும் திறந்தார். “தம்பையா காத அடைக்கிற மாதிரிச் செஞ்சு தாறேன்,” என்று அந்த வாய் சொன்னது.

அவரிடம் ஓர் அம்ப்ளிஃபயரும், இரண்டு குழாய் ஸ்பீக்கரும், பெட்டரியில் சுழலும் ரெக்கார்ட் பிளேயரும், ஒரு மைக்கும், நல்ல லொறிப் பெட்டரி ஒன்றும் இருந்தன. அந்தப் பெட்டரி எட்டு மணி நேரம் தாங்கும். அழகருக்கோ பத்து மணி நேரம் வேண்டும். கடை மூலையில் ஒரு பழைய பெட்டரி கிடந்தது. அதன் ஆறு அறைகளில் ஒன்று செத்துப்போய், பன்னிரண்டரை வோல்ட் காட்ட வேண்டியது பத்தரை காட்டியது. இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினால் அந்த நொண்டிப் பெட்டரியும் தன்னால் ஆனதைக் கொடுக்கும், நல்ல பெட்டரிக்குப் பாரம் குறையும் என்று ஸமீம் யோசித்தார்.

வேறொரு ரேடியோக்காரன் என்றால் கட்டிப் பார்த்திருப்பான். கட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளிச்சமாகியிருக்கும். ஸமீம் படித்தவர். அதனால் கணக்குப் போட்டார்.

இரண்டு பெட்டரி, நடுவில் ஓர் அம்ப்ளிஃபயர். வரைந்து பார்த்தபோது அவருக்கு மயிர் சிலிர்த்தது. இரண்டு வளையம்! இரண்டு தடவை அவரைக் கவிழ்த்த அதே கேள்வி, கடை தேடி வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, மீற்றரை வைத்து இரண்டு பெட்டரியின் உள்தடையையும் அளந்தார். இரண்டு பெட்டரியிலிருந்தும் கரண்ட் வெளியே வருவதாக அம்புக்குறி போட்டார். வளையத்தைச் சுற்றினார், கொப்பியில் சமன்பாடு எழுதினார், தீர்த்தார். அம்ப்ளிஃபயர் முனையில் பதினொன்று தசம் ஆறு வோல்ட். நல்ல பெட்டரி கொடுப்பது ஒன்பது தசம் ஆறு அம்பியர். பழைய பெட்டரி கொடுப்பது மைனஸ் மூன்று தசம் எட்டு.

வியர்த்தது. வெட்டிவிட்டு மறுபடி போட்டார். மைனஸ் மூன்று தசம் எட்டு. மூன்றாவது தடவையும் அதே விடை.

மூன்று தடவை ஒரே விடை வந்தால் அது சரியாக இருக்கும் என்று எந்தப் பைத்தியக்காரனும் நினைப்பான். ஒரே பிழையை மூன்று தடவை விட்டிருக்கிறோம் என்று ஸமீம் நினைத்தார். ரப்பரை எடுத்து அந்தச் சின்னக் கோட்டை அழித்தார். ஒன்பது தசம் ஆறும் மூன்று தசம் எட்டும் கூட்டினால் பதின்மூன்று தசம் நாலு. அம்ப்ளிஃபயருக்குத் தேவை ஆறுகூட இல்லை. மீதி ஏழு அம்பியர் எங்கே போகும் என்று அவர் தன்னையே கேட்கவில்லை. கல்யாண வீடென்றால் கொஞ்சம் மிஞ்சத்தானே வேண்டும்!

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் இரண்டு பெட்டரியையும் ஏற்றினார். பசறைக்கு அப்பால் பாதை, பாதை என்ற பெயருக்கே தகுதியில்லாமல் கிடந்தது. ஒவ்வொரு குழியிலும் பெட்டரிகள் எழும்பி உட்கார்ந்தன. “நானா, இது வெடிக்காதா?” என்று கண்டக்டர் கேட்டார். “எல்லாங் கணக்குப் போட்டுத்தான் கொண்டு போறேன்,” என்றார் ஸமீம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் ரெக்கார்ட் பாடியது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் போட்டிருந்த பந்தலிலிருந்து பாட்டுக் கிளம்பி, தேயிலை மலைமேல் ஏறி, எதிர் மலையில் முட்டித் திரும்பி வந்தது. அழகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே பாடுகிறவர் மாதிரி நின்றார். எட்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் லொறியில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் தம்பையா. வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் கையில் ஒரு பெரிய குடை வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்.

“பரவாயில்லியே,” என்றார். ஸ்பிரிங்வெளிக்காரர் வாயிலிருந்து அது வருவது லேசான காரியமில்லை என்று அழகர் பின்னால் ஸமீமின் காதில் சொன்னார்.

ஒன்பது மணிக்குப் பாட்டின் சத்தம் மெலிந்தது. ஸமீம் சத்தம் கூட்டும் திருகைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். ஒன்பதரைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினார். பத்து மணிக்குக் கூட்டுவதற்குத் திருகில் இடமில்லை. அதற்குப் பிறகு ரெக்கார்ட் சுழல்வதும் மந்தமானது. பாடின பெண் முதலில் ஆணானாள். பிறகு அந்த ஆண் எருமையானான்.

முகூர்த்தம் பத்தரைக்கு. நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டார் ஸமீம். நாதஸ்வரம் நீளமாக ஒரு முறை முனகியது. பந்தலில் சிரிப்பு எழும்பியது.

“இன்ஜினியரு, நாயனக்காரருக்குக் காய்ச்சலா?” என்று தம்பையா மணவறைப் பக்கமிருந்து கேட்டார்.

ஸமீம் அம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினார். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது; ஆனால் மூடியைக் கழற்றாமல் சும்மா நிற்க முடியாது. நூறு பேர் பார்க்கும்போது ஒரு மனிதனுக்குக் கையில் ஸ்குரூடிரைவராவது வேண்டும். பெட்டரியில் கோளாறு இருக்கும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. பெட்டரியைத்தான் கணக்குப் போட்டாயிற்றே. பதின்மூன்று தசம் நாலு!

ஐயர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். பாக்கியலெட்சுமி தலையைக் குனிந்தபடியே ஓரக் கண்ணால் ஸ்பீக்கர் பக்கம் பார்த்தாள். அழகரின் முகம் கறுத்துப் போயிருந்தது. “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்று யாரோ கத்தினார்கள். கெட்டிமேளத்துக்குப் பதிலாகக் குழாயிலிருந்து கொட்டாவி மாதிரி ஒன்று வந்தது.

“என்னய்யா இது!” என்று தம்பையா குடையும் கையுமாக ஸமீமிடம் பாய்ந்து வந்தார். வந்த வேகத்தில் குடையின் வளைந்த பிடி பழைய பெட்டரியின் வயரில் மாட்டியது. ஓர் இழுப்பு. வயர் கழன்று பறந்தது.

நாதஸ்வரம் எழுந்து உட்கார்ந்தது. மேளம் இடித்தது. அந்த நொடியில் மாப்பிள்ளை தாலி கட்ட, பெண்கள் குலவையிட, முழு மலையும் அதிர்ந்தது. தம்பையா குடையோடு சிலையாக நின்றார். எல்லாக் கண்களும் ஸமீமைப் பார்த்தன. ஸ்குரூடிரைவர் அவர் கையில்தான் இருந்தது.

“நானா! நீ மனுசனே இல்ல நானா!” என்று அழகர் தூரத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

ஸமீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கழன்ற வயரை எடுத்துத் திரும்பவும் பெட்டரியில் வைத்தார். நாதஸ்வரம் படுத்தது. எடுத்தார், எழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி படுத்தது. பெரியவர்களின் காலில் விழுந்து கும்பிடும் நேரம் பார்த்து இன்ஜினியர் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்கிறார் என்று பந்தலில் இருந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். ஸமீம் பழைய பெட்டரியின் மேல் கையை வைத்தார். சுட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த நொண்டிப் பெட்டரி காலையிலிருந்து ஒரு சொட்டுக் கரண்ட்கூடக் கொடுக்கவில்லை. நல்ல பெட்டரியின் கரண்டை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பசறைக் குழிகளில் அதன் இன்னோர் அறையும் செத்திருக்க வேண்டும். நேரம் போகப் போக அதன் தாகம் கூடியிருக்கிறது. கரண்ட் அதற்குள்ளிருந்து வெளியே வரவில்லை, உள்ளே போயிருக்கிறது. அம்புக்கு எதிர்ப்பக்கம். மைனஸ்.

வெள்ளிக்கிழமை பின்னேரமே, கடையில் உட்கார்ந்தபடி, அவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. கண்டுபிடித்ததை அவரே ரப்பரால் அழித்திருந்தார். தேயிலைக் கூடையொன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஸமீம் தனியாகச் சிரிக்கத் தொடங்கினார். முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு கணக்குக்குச் சரியான விடை வந்திருந்தது. அதையும் அவர் நம்பவில்லை.

கல்யாணச் சாப்பாட்டுக்கு முன்னால் அழகர் மைக்கைப் பிடித்து, இன்ஜினியர் ஸமீம் நானா நாலு வார்த்தை பேசுவார் என்று அறிவித்துவிட்டார். ஸமீம் மறுத்துப் பார்த்தார். விடவில்லை. மைக் முன்னால் நின்றபோது, இன்றைக்காவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியது.

“நான் ஒண்ணுஞ் செய்யல்ல,” என்றார். குழாய் அதை மலைக்கெல்லாம் சொன்னது. “பாட்டு நின்டதுக்குக் காரணம் நான்தான். அந்தப் பழைய பெட்டரியக் கட்டினது என்ட பிழை. பாட்டத் திரும்பக் கொண்டு வந்தது தம்பையா மாமாட குடை.”

பந்தல் கைதட்டி ஓய இரண்டு நிமிடம் ஆனது. “படிச்ச மனுசனுக்கு எம்புட்டு அடக்கம் பாரு!” என்று ஒரு பெண் சொன்னது மைக்கிலேயே கேட்டது. தம்பையா எழுந்து வந்து ஸமீமைக் கட்டிப் பிடித்தார்.

“மாப்பிள்ளை வீட்டுக்கும் மரியாதை வரட்டும்னு எம்பேரச் சொன்னீங்க பாத்தீங்களா, அங்க நிக்கிறீங்க நீங்க,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

உண்மையைச் சொல்லியும் பிழைக்க முடியாது என்று ஸமீம் புரிந்துகொண்டார். இரண்டு மணிக்கு நல்ல பெட்டரியும் கண்ணை மூடியது. காலையில் அந்த நொண்டிக்குக் கொடுத்ததெல்லாம் போக அதனிடம் அவ்வளவுதான் மிச்சமிருந்தது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தப்படிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். பொண்ணு மாப்பிள்ளை புறப்படும் வரைக்கும் ஆட்டம். தம்பையா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

திங்கட்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்தபடி, ஸமீம் நளீராவிடம் எல்லாவற்றையும் பகிடியாகச் சொன்னார். எருமைக் குரலைச் செய்து காட்டினார். தம்பையாவின் குடையைச் செய்து காட்டினார். நளீரா சிரிக்கவில்லை. பிள்ளைகளின் கொப்பிகளுக்குச் சரி போட்டுக்கொண்டிருந்தவள் பேனையைக் கீழே வைத்தாள்.

“மைனஸ் மூணு தசம் எட்டு,” என்றாள்.

ஸமீம் கோப்பையை வைத்தார். அந்த எண்ணை அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

“படுக்கை தட்டக்குள்ள கொப்பி விழுந்திச்சி. நானும் போட்டுப் பாத்தேன். ஒங்கட விடை சரி. ஆனா மைனஸ அழிச்சீந்திச்சி. கரண்டப் பத்தி எனக்கு என்ன தெரியும்? காரணத்தோடதான் அழிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“அப்ப ஏன் என்னட்டக் கேக்கல்ல?”

“நீங்க ஏன் என்னட்டக் கேக்கல்ல?”

  ஸமீம் எழுந்து உள்ளே போய், தலையணைக்கு அடியிலிருந்து கொப்பியை எடுத்து வந்து மேசையில் அவளுக்கு முன்னால் வைத்தார்.

அதற்குப் பிறகு தினமும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம் இருவரும் அந்த மேசையில் உட்கார்ந்தார்கள். நளீரா குறிகளைத் தவறவிடாமல் சுற்றி வர அவருக்குக் காட்டினாள். அந்தக் குறி எந்த வயரில், எந்தப் பெட்டரியில், எப்படிச் சுடும் என்று அவர் அவளுக்குச் சொன்னார். முதல் நாள் ஆளுக்கொரு பக்கம் அம்புக்குறி போட்டுவிட்டுச் சண்டை பிடித்தார்கள். இரண்டு பேருக்கும் வோல்ட் ஒன்றாகவே வந்தது. அந்த ஆச்சரியத்தில் அவள் இன்னும் இரண்டு கணக்குப் போட்டாள், அடுப்பில் கறி கருகியது.

பரீட்சை பண்டாரவளையில் நடந்தது. ஐந்தாவது கேள்வி அதே கேள்வி; இந்த முறை மூன்று வளையம். ஸமீமுக்கு விடை மைனஸ் நாலு வோல்ட் என்று வந்தது. வியர்த்தது. கை பழக்க தோஷத்தில் கோடு இழுத்து வெட்டப் போனது. மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மேற்பார்வையாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மைனஸை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே இன்ன முனை மற்ற முனையைவிடத் தாழ்ந்தது என்று ஒரு வரி எழுதி ஆறாவது கேள்விக்குப் போனார்.

தேறினார். நாற்பத்தொரு புள்ளி. தேறுவதற்கு நாற்பது வேண்டும். அந்த ஒரு புள்ளி எந்தக் கேள்வியில் கிடைத்தது என்று அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். மாட்டிய அன்றைக்கே, ரேடியோவில் கரகரப்பு நிற்கவில்லை என்று ஒருவர் திரும்பக் கொண்டு வந்தார்.

அடுத்த வருடம் அதே வகுப்பில் நளீரா சேர்ந்தாள். விண்ணப்பத்தை வாங்கி வந்தது ஸமீம். அவள் வேண்டாம் வேண்டாம் என்றபோது, பெயரை எழுதி முத்திரை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்து சொன்னதும் அவர்தான். 1974இல் அவளுடைய பரீட்சைப் பெறுபேறு கடை விலாசத்துக்கு வந்தது. ஸமீம் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடையில் நின்ற மூன்று வாடிக்கையாளர்களையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். எண்பத்தெட்டுப் புள்ளி.

“பள்ளிக்கூடத்துல யாருட்டயும் சொல்லிடாதீங்க,” என்றாள் நளீரா.

“வார வழியில எல்லாருட்டயும் சொல்லிட்டேன்,” என்றார் ஸமீம்.

“ஒங்கட புள்ளியக் கேட்டீப்பாங்களே?”

“கேட்டாங்க. எங்கட ஊட்டுல ரெண்டு பேருக்கும் மொத்தம் நூத்தி இருவத்தொம்பதுன்னு சொன்னேன்.”

நளீரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். உள்ளே அவள் சிரித்து ஓயும் வரை ஸமீம் கேட்டுக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர்கள் காத்துக்கொண்டிருந்த நினைப்பு அவருக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.